குளூட்டன் இல்லாத ஜாம் பிஸ்கட்: அரிசி மாவா, குரக்கனா, கஜுவா, கடைக் கலவையா?

கோதுமை ஆகாது என்று வைத்தியர் சொல்லிவிட்ட ஒருவர் வீட்டில் இருந்தால், பண்டிகைப் பலகாரத்தில் முதலில் அடிபடுவது பிஸ்கட்தான். கொக்கிஸும் தொதலும் அரிசி மாவில் தப்பிக்கொள்ளும். அரியதரத்தையும் பயற்றம் பணியாரத்தையும் கோதுமை மா சேர்க்காமல் சமாளித்துவிடலாம். நடுவில் குழித்து ஜாம் வைக்கிற அந்தச் சின்னப் பிஸ்கட்டை எந்த மாவில் சுடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நத்தார் நெருங்கும்போது மட்டக்களப்பிலிருந்தும், நோன்புப் பெருநாள் நெருங்கும்போது காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்தும் இதே கேள்வி வருகிறது.

ஒரு விஷயம் நமக்குச் சாதகம். கோதுமை மாவில் இருக்கிற குளூட்டன் என்கிற பசைப் புரதம் பாணுக்கு அவசியம், ரொட்டிக்கு ஓரளவு அவசியம், இந்தப் பிஸ்கட்டுக்கோ கிட்டத்தட்டத் தேவையே இல்லை. கோதுமை மாவில் சுடும்போதுகூட ‘அதிகம் பிசையாதே, இறுகிவிடும்’ என்று சொல்வது குளூட்டன் உருவாகக்கூடாது என்பதற்காகத்தான். அதை எடுத்துவிட்டால் நாம் இழப்பது இரண்டு: மா ஒன்றோடொன்று பிடித்து நிற்பது, சூட்டில் பரவாமல் உருவம் காப்பது. முட்டை மஞ்சட்கருவும் கோன்பிளவரும் முதலாவதைப் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதைப் பிரிட்ஜ் பார்த்துக்கொள்ளும்.

எங்கள் பக்கத்தில் நடைமுறைக்கு வரக்கூடிய தெரிவுகள் நான்கு: வறுத்த அரிசி மா, குரக்கன் மா, அரைத்த கஜு, பொதியில் வருகிற குளூட்டன் இல்லாத கலவை மா. கடலை மாவைச் சிலர் சொல்வதுண்டு. பச்சை வாசம் போக வறுத்து எடுத்தாலும் பழ ஜாமோடு அது ஒட்டவே ஒட்டாது; அதை இங்கே எடுக்கவில்லை.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதல் கேள்வி மாவைப் பற்றியதல்ல, சாப்பிடுகிறவரைப் பற்றியது. சீலியாக் நோய் (குளூட்டன் உள்ளே போனால் உடம்பே தன் குடலைத் தாக்குகிற நோய்) உள்ளவர் என்றால் கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களையும் வாழ்நாள் முழுக்கத் தவிர்க்க வேண்டும். துளி கலந்தாலும் குடல் பாதிக்கப்படும். சர்வதேச உணவுத் தரத்தில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று எழுதுவதற்கான எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒரு கிலோ அரிசி மாவில் கால் தேக்கரண்டி கோதுமை மா சிந்தினாலே அந்த எல்லை தாண்டிவிடும். ‘கோதுமை சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது’ என்பதற்காகக் குறைத்துக்கொண்டவர் என்றால் இவ்வளவு கெடுபிடி வேண்டாம். இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது.

இடையில் ஒன்று: குளூட்டன் இல்லை என்றால் சீனி வருத்தக்காரர் சாப்பிடலாம் என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. அரிசி மாவும் சீனியும் ஜாமும் சேர்ந்த ஒன்று எந்தக் கணக்கிலும் அவர்களுக்கான பலகாரம் அல்ல. குரக்கனில் செய்தாலும் சீனி சீனிதான்.

அடுத்து, பிஸ்கட் எப்போது, எங்கே சாப்பிடப்படப்போகிறது? மார்கழியில் இங்கே வாடைக்காற்றும் மழையும். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். மூடாமல் வைத்த பிஸ்கட் ஒரே இரவில் பதம் இறங்கிவிடும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பெருநாள் வந்தால் பிரச்சினை தலைகீழ்: ஈரம் இல்லை, ஆனால் கைபடுமுன்னே பட்டர் உருகும். அயல்வீட்டுக்குத் தட்டில் போகிற பிஸ்கட் வேறு, உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போகிற பிஸ்கட் வேறு.

மூன்றாவது அடுப்பு. ஓவன் இருக்கிறதா, மணல் போட்ட தாச்சியா, பேக்கரியில் கொடுத்து எடுப்பதா என்பதைப் பொறுத்து மாவும் மாறும். செலவு கடைசியில் வருகிறது. மாவின் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

| | வறுத்த அரிசி மா | குரக்கன் மா | அரைத்த கஜு | கடைக் கலவை |
|---|---|---|---|---|
| கிடைப்பது | எங்கும் | எங்கும் | சந்தை, வீதியோரக் கடை | பெரிய சுப்பர் மார்க்கெட், பெரும்பாலும் கொழும்பு |
| மாச் செலவு | மிகக் குறைவு | குறைவு | பல மடங்கு | அதிகம் |
| கோதுமை கலக்கும் ஆபத்து | மில்லையும் கடையையும் பொறுத்தது | அதிகம் | மிகக் குறைவு | லேபிள் சரியென்றால் இல்லை |
| பதம் | மொறுமொறுப்பு, வாயில் கரையும் | சற்றுக் கரடு, மண்வாசம் | மென்மை, செழுமை | கோதுமைப் பிஸ்கட்டுக்குக் கிட்ட |
| உடையாமை | சுமார் | நல்லது | நல்லது | நல்லது |
| ஜாம் வைக்காமல் தாங்குவது | 10 நாள் வரை | 10 நாள் வரை | 5 முதல் 7 நாள் | ஒரு வாரம் |
| தாச்சியில் சுட | முடியும் | மிக ஏற்றது | கருகும் | முடியும் |

நாட்கணக்கு காற்றுப் புகாத டின்னில் வைத்தால் மட்டும்.

## வறுத்த அரிசி மா

பெரும்பாலானவர்களுக்கு இதுதான் விடை. மலிவு என்பதால் மட்டுமல்ல. அம்பாறை மாவட்டமே நெல்லில் நிற்கிறது, அரிசியை வாங்கி நம் கண்முன்னே மாவாக்கிக்கொள்ள முடிகிறது. வறுத்த மாவில் ஈரம் குறைவு. அதனால்தான் பிஸ்கட் வாயில் கரைகிற பதம் வருகிறது. வறுக்காத மாவில் சுட்டால் பச்சை வாசமும் பிசுபிசுப்பும் மிஞ்சும்.

ஏறத்தாழ 25 பிஸ்கட்டுக்கு:

- வறுத்த வெள்ளைப் பச்சையரிசி மா 150 கிராம்
- கோன்பிளவர் 50 கிராம்
- பட்டர் 110 கிராம்
- ஐசிங் சீனி 60 கிராம்
- முட்டை மஞ்சட்கரு 1
- உப்பு கால் தேக்கரண்டி. உப்புப் போட்ட பட்டர் என்றால் வேண்டாம்
- வனிலா அரைத் தேக்கரண்டி, அல்லது இரண்டு ஏலக்காயின் தூள்
- பால் 1 முதல் 2 மேசைக்கரண்டி, தேவைப்பட்டால்

இடியப்ப மா என்று பொதியில் வருவது பெரும்பாலும் வறுத்ததுதான். மறுபடி வறுக்க வேண்டாம். வீட்டில் இடித்த மா என்றால் சிறு நெருப்பில், தாச்சியில், நிறம் மாறாமல் வறுக்க வேண்டும். ஆரம்பத்தில் மா கட்டிகட்டியாக அசையும். ஈரம் போனதும் அகப்பையிலிருந்து இலேசாக வழுக்கி ஓடும், வாசமும் எழும். அப்போது இறக்கிவிடலாம். 250 கிராமுக்கு எட்டுப் பத்து நிமிடம் எடுக்கும். முழுதாக ஆறிய பின்னரே பட்டரில் சேர்க்க வேண்டும். இளஞ்சூடு இருந்தால்கூடப் பட்டர் உருகி, பிஸ்கட் ட்ரேயில் ரொட்டியாகப் பரவிவிடும்.

இடியப்பத்துக்குச் சரியான நைஸ் பிஸ்கட்டுக்குப் போதாது. வீட்டிலுள்ள மிக நுண்ணிய அரிதட்டில் இரண்டு தரம் அரிக்க வேண்டும். விரல்களுக்கிடையில் தேய்த்தால் மணல்போல உறுத்தக்கூடாது. அரிசி மாப் பிஸ்கட் ‘நறநற’ என்கிறது என்று குறை சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டிருப்பார்கள். மீதிப் பேர் மாவை ஊறவிடாதவர்கள்.

செய்முறை: விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற பதத்தில் பட்டரை எடுத்துச் சீனியோடு இரண்டு நிமிடம் மட்டும் அடியுங்கள். கேக்குக்கு அடிப்பதுபோல நுரைக்க நுரைக்க அடித்தால் உள்ளே காற்றுப் புகுந்து, ஓவனில் பொங்கி, பிறகு அமுங்கி, குழி காணாமல் போகும். மஞ்சட்கரு, வனிலா சேர்த்து, மாவையும் கோன்பிளவரையும் போட்டுத் திரட்டுங்கள். மூடி அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். அரிசித் துணிக்கைகள் முட்டையின் ஈரத்தையும் பாலையும் இழுக்க அந்த நேரம் வேண்டும். பிறகு 15 கிராம் அளவு, பெரிய நெல்லிக்காய் பருமனில் உருட்டி, அரைத் தேக்கரண்டி அளவுக்கரண்டியின் முதுகால் பாதி ஆழத்துக்கு அழுத்துங்கள்.

அழுத்தும்போது ஓரம் வெடித்தால் மா காய்ந்திருக்கிறது. ஒரு தேக்கரண்டி பால் சேர்த்துத் திரும்பத் திரட்டினால் சரியாகும். குழித்ததை மறுபடி 20 நிமிடம் குளிரவிட வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் குழி, பிறகு குளிர். கல்லாகக் குளிர்ந்த உருண்டையை அழுத்தினால் எந்த மாவும் வெடிக்கும்.

170 பாகை செல்சியஸில் 9 நிமிடம் சுட்டு ட்ரேயை வெளியே எடுத்து, மேடேறிய குழிகளை அதே கரண்டியால் மெல்ல அமுக்கி, அரைத் தேக்கரண்டி ஜாம் வைத்து, இன்னும் 6 நிமிடம். மேற்பகுதி வெள்ளையாகவே இருக்கும். அரிசி மா சிவக்கட்டும் என்று காத்திருந்தால் காய்ந்து கல்லாகிவிடும். ஒன்றைத் திருப்பிப் பார்த்து அடி ஓரம் இளம் பொன்னிறமானால் எடுத்துவிடலாம். சூட்டோடு தூக்கினால் கையிலேயே தூளாகும். 15 நிமிடம் ட்ரேயில் கிடக்கட்டும்.

மறைந்திருக்கிற செலவு நேரம்தான்: வறுக்க, ஆறவிட, அரிக்க, ஊறவிட. மாலையில் விருந்தாளி, மத்தியானம் தொடங்குகிறீர்கள் என்றால் அரிசி மா ஒத்துவராது. சிவப்பரிசி மா பாவிக்கலாமா என்றால், பாவிக்கலாம்; தவிடு இருப்பதால் கரடு கூடும், சிக்கு வாடையும் சீக்கிரம் வரும். நாலு நாளில் தீர்ந்துவிடும் என்றால் மட்டும்.

சீலியாக் உள்ளவருக்கு என்றால் மா எங்கே அரைபட்டது என்பதைப் பார்க்காமல் தொடங்கவே கூடாது. சில்லறைக் கடையில் கோதுமை மாச் சாக்கும் அரிசி மாச் சாக்கும் பக்கத்தில் பக்கத்தில் வாய் திறந்திருக்கும். இரண்டுக்கும் அள்ளுகிற கிண்ணம் ஒன்றே. அந்த மா வேண்டாம். மில்லிலும் நமக்கு முன்னால் யாராவது கோதுமை கலந்த சத்துமா அரைத்திருக்கலாம். பாதுகாப்பான வழி, அரிசியைக் கழுவி இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வீட்டில் உரலிலோ கிரைண்டரிலோ மாவாக்குவது. வீட்டு அரிதட்டிலும் கவனம் வேண்டும்: வருடக்கணக்கில் கோதுமை மா அரித்த கண்ணிகளில் மா உறைந்திருக்கும், கழுவினாலும் முழுதாகப் போகாது. புதிதாக ஒன்று வாங்கிப் பெயர் எழுதித் தனியே மாட்டிவையுங்கள்.

## குரக்கன் மா

குரக்கனுக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. அரிசி மாவைவிட ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதனால் பிஸ்கட் எளிதில் உடைவதில்லை. நிறமும் வாசமும் தனி. விளாம்பழ ஜாமுக்கு இதைவிடப் பொருத்தமான அடித்தளம் இல்லை.

தனிக் குரக்கனில் சுட்டால் தொண்டையில் அடைக்கும். குரக்கன் 100 கிராம், அரிசி மா 60, கோன்பிளவர் 40 என்று கலந்தால்தான் பதம். பட்டர் அதே 110 கிராம். சீனிக்குப் பதில் பொடித்த சிவப்புச் சீனி 70 கிராம், மஞ்சட்கரு 1, பால் ஒரு மேசைக்கரண்டி. துருவிய சர்க்கரையும் போடலாம். அப்போது பால் வேண்டாம், பிஸ்கட்டும் மொறுமொறுப்பாக இல்லாமல் சற்று மெத்தென்று வரும். குரக்கன் மாவை முதலில் ஐந்து நிமிடம் சிறு நெருப்பில் வறுத்தால் பச்சை வாசம் போகும். மற்றதெல்லாம் அரிசி மாச் செய்முறையேதான்.

வெந்ததா என்பதை நிறத்தால் அறிய முடியாது. ஆரம்பத்திலேயே கபில நிறம். விரலால் ஓரத்தைத் தொட்டால் இறுக்கமாக, நடு மட்டும் இலேசாக அமுங்கவேண்டும்.

பெரிய குறை கலப்பு. கடையில் ‘குரக்கன் மா’ என்று விற்கிற சிலவற்றில் கோதுமை மாவும் சேர்ந்திருக்கும். பொதியின் பின்பக்கத்தில் சேர்மானங்களை வாசித்தால் தெரியும். பெயரில் குரக்கன் இருப்பது போதாது. குரக்கன் பாண், குரக்கன் பிஸ்கட் என்று பேக்கரியில் வருவதும் பெரும்பாலும் கோதுமை மாவில் குரக்கன் சேர்த்ததுதான். எனவே சீலியாக் உள்ள வீட்டில் முழுக் குரக்கனை வாங்கிக் கல் பொறுக்கி, கழுவிக் காயவைத்து, வீட்டிலேயே அரைத்தால் ஒழிய இந்தத் தெரிவு வேண்டாம். அதற்கு ஒரு நல்ல வெயில் நாள் வேண்டும். மார்கழியில் அதுவே அரிது.

சிறு பிள்ளைகள் நிறைந்த வீட்டில் குரக்கன் பிஸ்கட் தட்டில் மிஞ்சிக் கிடப்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெரியவர்கள் தேநீரோடு விரும்புவார்கள்.

## அரைத்த கஜு

சுவையில் இதற்கு நிகர் இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் மரமுந்திரிகை விளைகிறது என்பதால் முழுப்பருப்பு விலையைக் கண்டு ஒதுங்கிவிட வேண்டியதில்லை. உடைந்த பருப்பு முழுப்பருப்பைவிட மலிவு, அரைக்கப்போகிற நமக்கு அதுவே போதும். வறுக்காத, உப்புப் போடாத பருப்பாக வாங்குங்கள்.

அளவு: கஜு 150 கிராம், அரிசி மா 50, பட்டர் 60, ஐசிங் சீனி 60, முட்டை வெள்ளைக்கரு 1, ஒரு சிட்டிகை உப்பு. 20 பிஸ்கட்டுக்கு மேல் வரும். பட்டர் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைவதைக் கவனியுங்கள். கஜுவிலேயே எண்ணெய் இருக்கிறது. அரிசி மாச் செய்முறையின் 110 கிராம் பட்டரை இதற்கும் போட்டால் பிஸ்கட் எண்ணெயில் மிதக்கும்.

அரைப்பதில்தான் கெட்டுப்போகும். கிரைண்டரைத் தொடர்ந்து ஓடவிட்டால் சூடேறி எண்ணெய் பிரிந்து கஜு வெண்ணெயாகிவிடும். பிறகு அதை மாவாக்க வழியில்லை. பருப்பை ஒரு மணி நேரம் பிரீஸரில் வைத்து, மேற்சொன்ன 50 கிராம் அரிசி மாவையும் சேர்த்து, இரண்டு மூன்று விநாடி ஓட்டி நிறுத்தி, உலுக்கி, மறுபடி ஓட்டுங்கள். அரிசி மா எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ரவை பதத்துக்குச் சற்று நைஸாக வந்தால் போதும்.

சுடுவது 160 பாகையில் 12 முதல் 14 நிமிடம். மற்ற மாக்களைவிட வேகமாகச் சிவக்கும். 170 வைத்தால் அடி கருகிய பிறகும் நடு பச்சையாக இருக்கும்.

மறைந்திருக்கிற செலவு இரண்டு. ஒன்று, ஆயுள்: ஈரக் காற்றில் ஒரு வாரம் தாண்டினால் மெத்தென்று ஆகும், எண்ணெய்ச் சிக்கும் பிடிக்கும். மற்றது பணத்தைவிடப் பெரியது. கஜு ஒவ்வாமை சிலருக்கு மிகக் கடுமையாக வரும். பண்டிகைத் தட்டு நாலு வீட்டுக்குப் போகிற ஊர் இது. தட்டைக் கொடுக்கும்போதே ‘இதில் கஜு இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கொடுக்கிறதென்றால் பார்த்துக் கொடுங்க அக்கா’ என்று வாயால் சொல்லிவிட வேண்டும். பார்வைக்கு அரிசி மாப் பிஸ்கட்டும் இதுவும் ஒன்றுபோல இருக்கும்.

கலப்பு ஆபத்து மிகக் குறைவு என்பதால், அரைக்கிற சாமானும் சேர்க்கிற அரிசி மாவும் சுத்தமென்றால் சீலியாக் உள்ளவருக்கும் நல்லது. அன்பளிப்பாக ஒரு சின்ன டின் கொடுக்க நினைத்தாலும் இதைத்தான் தெரிவு செய்ய வேண்டும். ஐம்பது பேருக்குச் சுடுவதென்றால் யோசிக்கவே வேண்டாம், அரிசி மா.

## கடையில் வாங்குகிற கலவை

அரிசி மா, உருளைக்கிழங்கு மா, மரவள்ளி மா, அவற்றைப் பிடித்து நிறுத்த சாந்தன் பசை என்று சேர்த்து வருவது. கோதுமை மாவுக்குச் சம அளவில் மாற்றிப் போடலாம்: 200 கிராம் கலவைக்குப் பட்டர் 110, சீனி 60, மஞ்சட்கரு 1. கோன்பிளவர் சேர்க்கக்கூடாது, ஏற்கனவே மாப்பொருள் மிகுதி. பேக்கிங் பவுடர் கலந்த வகையைத் தெரியாமல் வாங்கினால் குழிகள் மூடிக்கொள்ளும்.

லேபிளில் ‘கோதுமை இல்லை’ என்பதும் ‘குளூட்டன் இல்லை’ என்பதும் ஒன்றல்ல; முன்னதில் பார்லி இருக்கலாம். காலாவதித் திகதியையும் பாருங்கள், மெதுவாக விற்கிற பொருள் இது. இறக்குமதி விலை, கொழும்பிலிருந்து வருவிக்கிற செலவு, மிஞ்சிய அரைப் பொதி ஈரம் பிடிப்பது எல்லாவற்றையும் சேர்த்தால் பிஸ்கட் ஒன்றின் விலை கஜுவை எட்டினாலும் ஆச்சரியமில்லை, சுவை எட்டாது. சீலியாக் நோய் புதிதாகக் கண்டறியப்பட்டு, வீட்டில் மா அரைக்க வசதியும் நேரமும் இல்லாத முதல் பண்டிகைக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்கலாம்.

## ஜாம்

மாவில் இவ்வளவு கவனம் எடுத்துவிட்டு, காலையில் பாணுக்குப் பூசிய அதே போத்தலிலிருந்து ஜாமை எடுத்தால் எல்லாம் வீண். கத்தி முனையில் ஒட்டிய பாண் துகள் ஜாமுக்குள்ளே கிடக்கும், பட்டர்க் கிண்ணத்திலும் அப்படியே. புதுப் போத்தல், புதுப் பட்டர்.

கடை ஜாமை அப்படியே வைத்தால் ஓவனில் கொதித்து வழியும். பாணில் பூச இலகுவாக இருக்கும்படி செய்தது அது. 150 கிராமைச் சின்னச் சட்டியில் நாலைந்து நிமிடம் கொதிக்கவைத்து, ஒரு துளியைக் குளிர்ந்த தட்டில் விட்டு, தட்டைச் சரித்தால் ஓடாமல் நிற்கும் பதத்தில் இறக்குங்கள். கலவைப் பழ ஜாம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் இனிப்பின் மேல் இனிப்பு. அரிசி மாவுக்கும் கஜுவுக்கும் புளிப்புள்ள ஒன்றுதான் எடுப்பாக இருக்கும்.

அன்னாசி ஜாம் வீட்டில் செய்வதென்றால்: தோலும் கண்ணும் நீக்கித் துருவிய அன்னாசி 500 கிராம், சீனி 200, தேசிக்காய்ச் சாறு ஒரு மேசைக்கரண்டி, கறுவாத் துண்டு ஒன்று. அன்னாசியில் ஜாமை உறையவைக்கிற பெக்டின் குறைவு. எனவே வற்றவைத்துத்தான் இறுக்க வேண்டும். முதலில் சாறு வற்றும்வரை சீனி இல்லாமல் வேகவிடுங்கள். சீனியை முதலிலேயே போட்டால் நிறம் கறுக்கும், அடியும் பிடிக்கும். அகப்பையால் சட்டியின் அடியில் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்கவேண்டும். 35 முதல் 40 நிமிடம் ஆகும். விளாம்பழத்திலும் கொய்யாவிலும் பெக்டின் நிறைய, சீக்கிரம் இறுகும். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால் சற்று இளக்கமாகவே இறக்குங்கள்.

சுடுமுன் ஜாம் வைப்பதா, சுட்டபின் வைப்பதா? அன்றே சாப்பிடுவதென்றால் கடைசி 6 நிமிடத்துக்கு வைப்பது மேல்: ஜாமின் மேல் மெல்லிய தோல் கட்டும், அடுக்கினாலும் ஒட்டாது. நாலைந்து நாள் முன்னதாகச் சுடுவதென்றால் வெறும் குழியோடு முழு 15 நிமிடமும் சுட்டு (கஜுவுக்கு 14), டின்னில் வைத்து, பரிமாறுகிற நாள் காலையில் சூடான ஜாமை நிரப்புங்கள். ஜாமின் ஈரம் பிஸ்கட்டுக்குள் இறங்க ஒரு நாள் போதும். முதலில் பதம் இறங்குவது அரிசி மாப் பிஸ்கட்தான்.

## எதில் சுடுவது

வீட்டு ஓவன் இருந்தால் பேச்சில்லை. அடியில் மட்டும் எரிகிற காஸ் ஓவனில் ட்ரேயை மேல் தட்டில் வைத்து, அதன் கீழ் இன்னொரு வெறும் ட்ரே வைத்தால் அடி கருகாது.

பேக்கரிப் போறணையில் கொடுத்து எடுக்கிற வழக்கம் கேக்குக்குச் சரி. சீலியாக் உள்ளவருக்கான பிஸ்கட்டை எக்காரணம் கொண்டும் அங்கே கொடுக்க வேண்டாம். மா எதுவாக இருந்தாலும், அங்கே காற்றிலும் ட்ரேயிலும் கோதுமை மா. கோதுமையைக் குறைத்துக்கொண்டவர் என்ற அளவில் என்றால், சொந்த ட்ரேயில் பேக்கிங் பேப்பர் விரித்துக் கொடுக்கலாம்.

தாச்சி: கனமான தாச்சியில் கழுவிக் காயவைத்த ஆற்று மணல் இரண்டு சென்ரிமீற்றர் கனத்துக்கு. கடல் மணல் வேண்டாம், உப்புப் பாத்திரத்தை அரிக்கும். அதன்மேல் ஒரு தாங்கி, மூடிப் பத்து நிமிடம் நடுத்தர நெருப்பில் சூடேற்றி, தட்டை வைத்துச் சிறு நெருப்பில் 18 முதல் 22 நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் மூடியைச் சற்றுத் திறந்து ஆவியை வெளியேற்றாவிட்டால் மேற்பகுதி ஈரமாகவே நிற்கும். தாச்சியில் மேலே நிறம் வராது. குரக்கனுக்கு அது ஒரு குறையே அல்ல. கஜுவை இதில் முயற்சிக்க வேண்டாம், அடி கருகும்.

## பட்டர், முட்டை இரண்டிலும் மாற்றம் வேண்டுமென்றால்

மாஜரினில் வகைக்கு வகை நீரின் அளவு மாறும். மெதுவான, பூசுகிற வகையில் நீர் கூடுதல். அதில் சுட்டால் நாலு மாவும் பரவும். பட்டர் கட்டுப்படியாகாவிட்டால் கட்டியான வகை மாஜரின், அல்லது நெய். நெய்யில் நீர் இல்லை, எனவே 110 கிராம் பட்டருக்கு 90 கிராம் நெய் போதும், குளிரவிடுகிற நேரத்தை மட்டும் கூட்டுங்கள்.

முட்டை சேர்க்காத சைவ வீடுகளுக்கு, ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவை நாலு மேசைக்கரண்டி பாலில் கரைத்து, சிறு நெருப்பில் துழாவிக் கெட்டிக் கூழாக்கி, ஆறவிட்டு, அதில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து மஞ்சட்கருவுக்குப் பதிலாகச் சேர்க்கலாம். வெந்த மாப்பொருள் பசைபோலப் பிடிக்கும். அரிசி மாவுக்கும் குரக்கனுக்கும் இது நன்றாக வேலை செய்கிறது. கஜுவுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். வனிலா எசன்ஸில் மதுசாரம் இருப்பதுண்டு. பெருநாளுக்குச் சுடுகிறவர்கள் லேபிளைப் பார்க்கலாம், அல்லது ஏலக்காயோடு நின்றுவிடலாம்.

கொழும்புக்கோ வெளியூருக்கோ அனுப்புவதென்றால் அரிசி மாவைவிடக் குரக்கன் அல்லது கஜு. பிஸ்கட்டும் ஜாமும் தனித்தனியே போகட்டும்: டின்னின் அடியில் துணியில் முடிந்த ஒரு பிடி வறுத்த அரிசி, அதன்மேல் பேக்கிங் பேப்பர், ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் ஒரு தாள், மேலே இடைவெளி மிஞ்சினால் கசக்கிய தாளால் நிரப்பி மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். ஜாம் சின்னப் போத்தலில், கூடவே ஒரு புதுக் கரண்டி.